பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்க வேண்டிய இஸ்திரி

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் ஃப்ளூட்டருக்கு, அதாவது துணியில் நெளி போடும் பழைய இஸ்திரிக்கு, பல்தான் எல்லாமே. பழைய இஸ்திரிகளைச் சேர்ப்பவர்கள் பெயரையும் வருடத்தையும் பெயின்ட்டையும் பார்த்து மயங்கி, மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒன்றோடொன்று பொருந்தாத சாமானைத் தூக்கி வந்துவிடுகிறார்கள். அலமாரியில் வைத்தால் அழகாகத்தான் இருக்கும். துணியை வைத்தால்தான் குட்டு வெளிப்படும்.

ஃப்ளூட்டர் செய்வது கொசுவம் அல்ல. சேலைக் கொசுவத்திலும் அங்கவஸ்திரத்து விசிறி மடிப்பிலும் துணி ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கும். மடித்த இடத்தில் கூரான கோடு விழும். ஃப்ளூட்டர் போடுவது நெளி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஷீட்டைச் சுருக்கி மூன்று விரல் அகலத்துக்குக் கொண்டுவந்தால் எப்படி இருக்குமோ அப்படி, கோடே விழாமல் மேடும் பள்ளமுமாக அலை அலையாக நிற்கும். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பாவாடை விளிம்பு, கழுத்துப் பட்டி, கைமுனை, குழந்தைத் தொப்பி என்று ஃப்ரில் வைத்த எல்லாவற்றையும் ஒவ்வொரு சலவைக்குப் பிறகும் இப்படி நெளிக்க வேண்டியிருந்தது. தண்ணீர் பட்டால் கஞ்சி கரைந்து நெளி போய்விடும் என்பதால்தான் இத்தனை கருவிகள்.

இதற்கு முன்னோடி 16-ஆம் நூற்றாண்டின் ரஃப், அதாவது கழுத்தைச் சுற்றித் தட்டு போல நிற்கும் அந்த வட்டக் காலர். அதன் நெளிகளுக்குள் குச்சியை விட்டு வடிவம் கொடுத்தார்கள். முதலில் மரம், எலும்பு. 1570-களில் சூடாக்கக்கூடிய எஃகுக் குச்சிகள் லண்டனுக்கு வந்தன. அதற்கும் முன்பே, 1564-இல், ஃபிளாண்டர்ஸிலிருந்து லண்டன் வந்த டிங்கன் வான் டென் பிளாஸ் என்ற பெண் கஞ்சி போடுவதைத் தொழிலாகவே சொல்லிக்கொடுத்தார். கஞ்சி போடக் கற்றுக்கொள்ள நான்கைந்து பவுண்டு. கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொள்ளத் தனியாக இருபது ஷில்லிங். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. கஞ்சியின் பதம் தெரியாதவருக்கு எந்தக் கருவியும் உதவாது என்பது அப்போதே தெரிந்திருக்கிறது.

சந்தையில் கிடைக்கும் வகைகளில் பலரும் குழப்பிக்கொள்வது இத்தாலியன் அயர்னைத்தான். இங்கிலாந்தில் வேலைக்காரப் பெண்கள் வாயில் அது 'டாலி அயர்ன்' என்று தேய்ந்தது. ஒரு தண்டின் மேல் சுருட்டு வடிவில் உள்ளே குழாயான இரும்பு பீப்பாய் படுத்திருக்கும். ஒரு பக்கம் மூடியிருக்கும், மறு பக்கம் திறந்திருக்கும். அடுப்பில் காய்ச்சிய கம்பி ஒன்றை அந்தத் திறப்பில் சொருக வேண்டும். கரியும் சாம்பலும் கம்பியோடு உள்ளேயே நின்றுவிடும், துணியில் படாது. ஈரம் காயாத ரிப்பனை இரண்டு கைகளாலும் பிடித்துப் பீப்பாய் மேல் இழுத்தால் வளைந்த வடிவம் நிற்கும். தொப்பிக் கயிறு, ரிப்பன், புடைத்த கை போன்றவற்றுக்கு இது. வரிசையாக நெளி போடுவதற்கான கருவி அல்ல. ஆனாலும் 'ஃப்ளூட்டிங் அயர்ன்' என்றே விற்கிறார்கள். வாங்கும்போது பார்க்க வேண்டியது உள்ளே சொருகும் கம்பி இருக்கிறதா என்பது. பாதிக்குப் பாதி இருக்காது. இருந்தாலும் அது அதனுடையதுதானா என்று பார்க்க, கம்பியைக் குளிர்ந்த நிலையில் சொருகுங்கள். சுற்றிலும் கொஞ்சம் இடைவெளி விட்டு வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இறுக்கமாகப் போனால் விபரீதம்: காய்ந்த கம்பி விரியும், குளிர்ந்த பீப்பாய் விரியாது, சிக்கிக்கொள்ளும். வெளியே இழுக்க முயன்றால் பீப்பாய் தண்டோடு சேரும் இடம்தான் முதலில் உடையும்.

அடுத்த குழப்பம் இடுக்கிகள். காஃபரிங் (ஃப்ரிலில் நெளி போடுவது) இடுக்கியும் தலைமுடி சுருட்டும் இடுக்கியும் பார்க்கக் கத்தரிக்கோல் போலவே இருக்கும். முனையைப் பாருங்கள். முடி இடுக்கியில் ஒரு கை உருண்டைக் கம்பி. மற்றது அதைத் தழுவிக்கொள்ளும் பாதிக் குழாய். துணி இடுக்கியில் இரண்டு கைகளும் உருண்டைக் கம்பிகளே. ஒரு கம்பி நெளியின் மேலும், மற்றது பக்கத்து நெளியின் கீழும் போய், மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் அலை விழும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே, 'காஃபரிங்' என்ற பெயரில் வரும் முடி இடுக்கிகளை ஒதுக்கிவிடலாம்.

எனக்குப் பிடித்தது சூடே தேவைப்படாத ஒன்று: காஃபரிங் அடுக்கு. மரப் பீடத்தில் எதிரெதிராக இரண்டு தூண்கள், அவற்றின் உள்பக்கம் நீளப் பள்ளம், அந்தப் பள்ளத்தில் இறங்கும் மெல்லிய மரக் குச்சிகள். கஞ்சி போட்ட ஈரத் துணியை வைத்து மேலே ஒரு குச்சி. துணியை அதன் மேல் திருப்பி இன்னொரு குச்சி. இப்படியே முன்னும் பின்னுமாகக் கட்டிக்கொண்டே போய், மேலே ஒரு சட்டத்தை ஆப்பு வைத்து இறுக்கி, கணப்படுப்பு ஓரத்தில் காயவைப்பார்கள். பிரிக்கும்போது வரும் நெளிக்கு ஈடே இல்லை. ஏனென்றால் இங்கே துணி இஷ்டப்படி நேரம் எடுத்துக் காய்கிறது. குச்சிகள் சில தொலைந்திருப்பது சகஜம். புதிதாகச் செதுக்கிச் சேர்த்தால் தப்பில்லை. ஆனால் எல்லாம் ஒரே கனமாக இருக்க வேண்டும். ஒரு குச்சி அரை மில்லிமீட்டர் தடித்தாலும் அதற்கு மேலும் கீழும் உள்ள துணியில் அழுத்தம் போய், அந்த இடத்து நெளி சோர்ந்துவிடும். தேக்கு வேண்டாம், அதன் எண்ணெய் ஈரத் துணியில் கறையாக இறங்கும்.

பிரெஞ்சு நாட்டின் பிரிட்டனி பகுதியில் வட்டக் காலர்களுக்கும் தலை உடைக்கும் இதே தத்துவத்தை வைக்கோல் தண்டுகளை வைத்துச் செய்தார்கள். குச்சிக்குப் பதில் தண்டு, மேல் ஒன்று கீழ் ஒன்று. நேர்த்தியில் அடுக்குக்குச் சளைத்ததல்ல.

இனி ராக்கர் வகை, அதாவது தொட்டில் போல ஆட்டி உருட்டுவது. சேர்ப்பவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் ஜெனீவா ஹேண்ட் ஃப்ளூட்டர். சுவிட்சர்லாந்து ஜெனீவா என்று சிலர் எழுதி விற்பார்கள். இது அமெரிக்காவில் இலினாய் மாநிலத்து ஜெனீவா ஊரில் டபிள்யூ. எச். ஹவல் கம்பெனி வார்த்தது, 1866-ஆம் ஆண்டுக் காப்புரிமை. விரித்த உள்ளங்கை அளவுக்கு அடித்தட்டு, அதன் மேல் குறுக்கே ஓடும் வரிகள். கைப்பிடியோடு கூடிய மேல்பாகம் தொட்டிலின் அடிபோல வளைந்தது, அதிலும் அதே வரிகள். அடித்தட்டில் 'ஹீட் திஸ்', அதாவது 'இதைச் சூடாக்கு' என்று வார்த்தே விட்டிருக்கிறார்கள். அந்த இரண்டு சொல் போதும் உபயோகக் குறிப்பாக. கைப்பிடி உள்ள பாகத்தை அடுப்பில் வைத்தால் கையும் சுடும், வளைந்த இரும்பு அடுப்பில் நிற்கவும் நிற்காது. கனமான அடித்தட்டுதான் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மேல்பாகம் அழுத்தி உருட்டுவதோடு சரி.

வருடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரும்பில் வார்த்திருக்கும் வருடம் காப்புரிமை கிடைத்த வருடம், வார்த்த வருடமல்ல. அப்போது அமெரிக்கக் காப்புரிமை 17 ஆண்டுகள் செல்லும். '1866' என்று போட்டது 1880-களில் வார்த்ததாகவும் இருக்கலாம். அதனால் ஒரே வருடம் பொறித்த இரண்டில் ஒன்றை 'முதல் வார்ப்பு' என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் ஆதாரம் கேளுங்கள்.

பொருத்தம் பார்க்கும் முறைக்கு வருகிறேன், சந்தையில் நடக்கும் பெரிய தில்லுமுல்லே இதில்தான். ஒரு இடத்தில் அடித்தட்டு மட்டும் கிடைக்கும், இன்னொரு இடத்தில் மேல்பாகம் மட்டும் கிடைக்கும்; இரண்டையும் சேர்த்து ஜோடி என்று விற்றுவிடுவார்கள். கண்ணுக்கு வரிகள் ஒன்றுபோலவே தெரியும். ஒரு வெள்ளைத்தாளை அடித்தட்டின் மேல் வைத்து பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். மேட்டுக் கோடுகள் தாளில் இறங்கும். பத்துக் கோட்டு இடைவெளியின் நீளத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மேல்பாகத்தின் வளைவைச் சுற்றித் தாளைப் போர்த்தி அங்கேயும் தேய்த்து, தாளைப் பிரித்து அளந்து பாருங்கள். இரண்டும் அச்சாக ஒன்றாக இருக்காது. வளைந்த பரப்பில் பல்லின் முனைகள் சற்று விலகித்தான் நிற்கும் என்பதால், மேல்பாகத்து அளவு நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு கூடுதலாக வருவது இயல்பு. அடித்தட்டில் பத்துப் பல் 60 மில்லிமீட்டர் என்றால் மேலே 61 வரை சரி. 63-ஐத் தொட்டால் அது வேறொரு வீட்டு மாப்பிள்ளை.

அளவு சரியாக இருந்தாலும் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். அதற்குக் கார்பன் தாள் போதும். அடித்தட்டின் மேல் வெள்ளைத்தாள், அதன் மேல் கார்பன், அப்புறம் மேல்பாகத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரே அழுத்தத்தில் உருட்டுங்கள். எல்லாக் கோடும் ஒரே கருமையில் விழ வேண்டும். நடுவில் மங்கினால் நடுப்பகுதி தேய்ந்திருக்கிறது, ஓரம் மங்கினால் மேல்பாகம் முறுக்கியிருக்கிறது. ஒரு கோடு மட்டும் விட்டுப்போனால் பல் நசுங்கியிருக்கிறது. நசுங்கிய வார்ப்பிரும்புப் பல்லை அரத்தால் சரி செய்ய முயலாதீர்கள். பக்கத்துப் பல்லும் போய்விடும்.

நகல்களும் உலவுகின்றன. பழைய வார்ப்பு தொட்டால் வழவழப்பாக இருக்கும். வரிக்குள் விரல் நகத்தை இழுத்தால் தடங்கலில்லாமல் போகும். புதியது மணல் ஒட்டியது போல் சொரசொரக்கும். பழைய இரும்பின் துரு கரும்பழுப்பு. அவசரமாகத் துருப்பிடிக்க வைத்தது செங்கல் பொடி நிறம். ஓரங்களில் கிரைண்டர் தேய்த்த கீறல் தெரிந்தால் சந்தேகப்படலாம். கைப்பிடியில் நான்கு முனை நட்சத்திரத் திருகாணி இருந்தால் அந்தத் திருகாணியாவது 1930-களுக்குப் பிறகு வந்தது. திருகாணி மட்டும் மாற்றியதாகவும் இருக்கலாம், அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

கையால் சுற்றும் மெஷின்களுக்கு வந்தால் விலையும் ஏறும், கவனமும் ஏற வேண்டும். நியூயார்க்கைச் சேர்ந்த சூசன் நாக்ஸ் 1866-இல் காப்புரிமை வாங்கிய மெஷின்தான் இதில் பெயர்பெற்றது. தன் முகத்தையே வணிக முத்திரையாக மெஷினில் ஒட்ட வைத்தவர். அந்தப் படம் அழியாமல் இருக்கும் மெஷின் கிடைத்தால் மட்டும், பல் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் நான் மன்னித்துவிடுவேன். அதற்கு அடுத்து அதிகம் கண்ணில் படுபவை பிலடெல்ஃபியாவின் அமெரிக்கன் மெஷின் கம்பெனி செய்த 'கிரவுன்', 'ஈகிள்' இரண்டும். 1875-ஆம் ஆண்டுக் காப்புரிமைத் தேதி இருக்கும்.

இதன் உடலமைப்பு எளிது. ஒரு வார்ப்பிரும்புத் தாங்கி, அதில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பித்தளை உருளைகள், உருளை முழுக்கப் பற்கள், உள்ளே குழாய். கரும்பு ஜூஸ் மெஷினைச் சின்னதாக்கினால் இதுதான். பெரும்பாலானவற்றில் கைப்பிடி கீழ் உருளையைத்தான் சுற்றும். மேல் உருளை கீழ் உருளையின் பல்லில் மாட்டித் தானாகச் சுற்றும். காய்ச்சிய இரும்புக் கட்டிகள் உருளைக் குழாய்க்குள் போகும். மெஷினோடு நான்கு கட்டிகள் கொடுத்தார்கள்: இரண்டு உள்ளே வேலை செய்யும், இரண்டு அடுப்பில் காயும். நான்கும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். இல்லாவிட்டால், உருளைக் குழாயின் உள்விட்டத்தை அளந்து, அதைவிட ஒன்றரை மில்லிமீட்டர் குறைவான மென் எஃகுக் கம்பியை லேத்தில் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். கால்வனைஸ் செய்த கம்பி வேண்டவே வேண்டாம். அந்தத் துத்தநாகப் பூச்சு சூட்டில் புகையும், அது உடம்புக்கு ஆகாது.

பல மெஷின்களில் உருளைகள் ஒரு பக்கம் மட்டுமே பிடிப்பில் இருக்கும், மறு முனை அந்தரத்தில் நிற்கும். உடைந்து போயிருக்கிறதோ என்று புதியவர்கள் பயப்படுவார்கள். அது வேண்டுமென்றே அப்படி வைத்தது. பாவாடையோடு தைத்துவிட்ட ஃப்ரிலை உருளைக்குள் விட்டால் மீதிப் பாவாடை அந்தத் திறந்த பக்கம் தொங்கிக்கொள்ளும். ஃப்ரிலைப் பிரிக்காமலே நெளி போடலாம். இதனால் வரும் நோயும் உண்டு. காலம் போகப் போக அந்தர முனையில் மேல் உருளை தூக்கிக்கொள்ளும். உருளைகளை நெருக்கி வைத்துப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். பிடிப்பு முனையில் வெளிச்சமே இல்லாமல் அந்தர முனையில் கீற்று தெரிந்தால், அந்த ஓரத்தில் நெளி ஆழம் குறையும். அழுத்தத் திருகாணியை இறுக்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. இறுக்கினால் பிடிப்பு முனையில் பற்கள் துணியை வெட்டும். தேய்ந்த தாங்கித் துளைக்கு புஷ் (உள்ளே பொருத்தும் சிறு உலோகக் குழாய்) போடுவதுதான் வைத்தியம், அதுவும் மெஷின் விலைக்குத் தகுந்ததா என்று யோசித்த பிறகு.

சுத்தம் செய்வதில்தான் நல்ல சாமான்கள் அதிகம் கெடுகின்றன. பெயின்ட், பொன் கோடு, ஒட்டுப்படம் உள்ள எதையும் நனைக்கக் கூடாது, உப்புத்தாள் போடக் கூடாது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், உலர்ந்த நிலையில் தேய்த்தால் அந்தத் தூசி மூக்கில்தான் போகும். ஒட்டுப்படத்தின் மேல் தின்னர், ஸ்பிரிட் பட்டால் சூசன் நாக்ஸின் முகம் பஞ்சில் வந்துவிடும். உலர்ந்த மெல்லிய பிரஷால் தூசி தட்டி, மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு மெல்லியதாகப் பூசித் துணியால் துடைத்தால் போதும்.

பெயின்ட் இல்லாத வெறும் வார்ப்பிரும்பு ராக்கர் என்றால் துருவை மின்பகுப்பில் எடுக்கலாம். பிளாஸ்டிக் வாளியில் நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேஜைக்கரண்டி சலவைச் சோடா. 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவ் முனை ஃப்ளூட்டருக்கு, பாசிட்டிவ் முனை ஒரு சாதாரண இரும்புத் தகட்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் ஃப்ளூட்டர் கரையும், தகடு பளபளக்கும். தகட்டுக்குப் பதில் எவர்சில்வர் கரண்டியைத் தொங்கவிடும் யோசனை பலருக்கு வரும்; அதிலிருந்து குரோமியம் நச்சாகத் தண்ணீரில் இறங்கும், கூடாது. ஹைட்ரஜன் வாயு வருவதால் மொட்டை மாடி நல்லது, அருகில் நெருப்பு வேண்டாம். பித்தளைத் தகடோ மரக் கைப்பிடியோ இருந்தால் கழற்றிவிட்டுத்தான் வாளியில் இறக்க வேண்டும். எடுத்தவுடன் கழுவி, துடைத்து, தோசைக்கல்லில் மெல்லிய தீயில் வைத்து ஈரம் முழுக்கப் போக்குங்கள். பத்து நிமிடம் தள்ளிப்போட்டால் செம்மஞ்சள் படலம் மறுபடி வந்து நிற்கும்.

வினிகரில் ஊறப்போடும் வழக்கம் எனக்குச் சம்மதமில்லை. ராத்திரி போட்டு மறந்துவிட்டால் துருவோடு நல்ல இரும்பையும் தின்று, வழவழப்பாக இருந்த வரிகளைச் சொரசொரப்பாக்கும். அதில் துணி மாட்டும். டிரில் மெஷினில் மாட்டிச் சுற்றும் இரும்பு பிரஷும் அப்படித்தான். மேட்டு முனைகளை மழுக்கிவிடும். வரிகளுக்குள் பழுப்பாகப் பளபளக்கும் கெட்டிப் படிவம் இருந்தால் அது துருவல்ல, தீய்ந்த கஞ்சி. வெந்நீரில் நனைத்த துணியை அரை மணி நேரம் மேலே போட்டு வைத்து, மூங்கில் குச்சி முனையால் நெருடினால் உரிந்து வரும்.

நெளி போட்டுப் பார்க்கும் கட்டம். மெல்லிய பருத்தி வேண்டும்: மல், கேம்பிரிக், ஆர்கண்டி, மெல்லிய லினன். பாலியெஸ்டர் கலந்ததா என்று ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலானால் பருத்தி, கருகிக் குண்டுமணியாக உருண்டால் கலப்பு. கலப்புத் துணி சூட்டுப் பல்லில் ஒட்டினால் உரிப்பது பெரும்பாடு. துண்டை நூல் நேராக வெட்டுங்கள், சாய்வாக வெட்டினால் இழுபட்டு நெளி சாயும். ஓரத்தை முதலிலேயே மடித்துத் தைத்துவிட வேண்டும். நெளி போட்ட பிறகு தைத்தால் தையல் மெஷினின் கால் எல்லாவற்றையும் படுக்க வைத்துவிடும்.

எவ்வளவு துணி வேண்டும்? நெளி சரியான அரைவட்டமாக இருந்தால் கணக்குப்படி 1.57 மடங்கு. ஒரு மீட்டர் ஃப்ரிலுக்கு ஒரு மீட்டர் அறுபது சென்டிமீட்டர் எடுத்தால் சரியாக வரும். பள்ளம் ஆழமில்லாத கருவியில் இன்னும் குறையும். 30 செ.மீ. துண்டை ஓட்டி, நெளிந்த பின் நீளத்தை அளந்தால் உங்கள் கருவியின் கணக்கு கிடைத்துவிடும்.

கஞ்சிக்குச் சோளமாவு 10 கிராம், தண்ணீர் 250 மில்லி. மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மீதித் தண்ணீர் கொதிக்கும்போது ஊற்றிக் கிளறி, வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி போல ஆகும்வரை இரண்டு மூன்று நிமிடம் வேகவிடுங்கள். பருத்திச் சேலைக்குக் காய்ச்சும் ஜவ்வரிசிக் கஞ்சியும் பொருந்தும். இறக்கும் முன் பட்டாணி அளவு மெழுகுவர்த்தித் துண்டு போட்டால் இரும்பில் ஒட்டாது. துணியில் வடிகட்டுவதைத் தவிர்க்காதீர்கள். வேகாத ஒரு திப்பி போதும், சூட்டில் பழுப்புப் புள்ளியாக நிற்கும். துணியை முக்கிப் பிழிந்து நிழலில் முழுக்கக் காயவைத்து, பிறகு தண்ணீர் தெளித்துச் சுருட்டி ஒரு மணி நேரம் வையுங்கள். நேராக ஈரத்தோடு இரும்பில் வைத்தால், நீர் ஆவியாகும் வேகத்தில் துணி துள்ளி, வரியை விட்டு விலகும். தெளித்துச் சுருட்டியதில் ஈரம் ஒரே சீராகப் பரவியிருக்கும்.

அடித்தட்டைக் கேஸ் தீயில் நேராக வைக்க வேண்டாம். நடுவில் மட்டும் காய்ந்து ஓரம் குளிர்ந்து நிற்கும், கரியும் படியும். தோசைக்கல்லைப் போட்டு அதன் மேல் வைத்துப் பத்து நிமிடம் மிதமான தீ. சொட்டுத் தண்ணீர் விட்டால் சொய்ங்கென்று ஒரு நொடியில் மறைய வேண்டும். முத்தாக உருண்டு ஓடினால் சூடு அதிகம், கஞ்சி தீயும். சூடு அதிகமாகிவிட்டது என்று தண்ணீர் தெளித்துக் குளிர வைத்தால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். தீயை அணைத்துவிட்டுக் காத்திருப்பதே வழி.

துணியின் ஓரம் வரிகளுக்குச் செங்குத்தாக இருக்கும்படி அடித்தட்டில் விரித்து, மேல்பாகத்தின் முதல் பல்லை முதல் பள்ளத்தில் உட்கார வைத்து, மெதுவாக முன்னே உருட்டுங்கள். துணியை மறு கையால் இழுத்துப் பிடிக்கக் கூடாது, தளர்வாக விட வேண்டும். ஒவ்வொரு பல்லும் தனக்குத் தேவையான துணியை உள்ளே வாங்கிக்கொள்ளும். இழுத்துப் பிடித்தால் துணி பள்ளத்தின் அடியைத் தொடாது, நெளி தட்டையாக வரும். மெல்லிய துணி என்றால் கிழியும். இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் உருட்டி, கடைசி முனையில் ஐந்தாறு நொடி நிறுத்தி, ஆவி நின்றதும் தூக்குங்கள். அடுத்த நீளத்துக்கு நகர்த்தும்போது முன்பு போட்ட கடைசி இரண்டு நெளிகளை முதல் இரண்டு பள்ளத்தில் உட்கார வைத்துத் தொடங்கினால் இணைப்பு தெரியாது. இதைச் செய்யாமல் குத்துமதிப்பாக வைத்தால் நடுவில் ஒரு அரை நெளி விழும், அது தூரத்திலிருந்தே தெரியும்.

மெஷினில் ஆபத்து விரலுக்கு. ஒரு கை சுற்றும், மறு கை துணியை ஊட்டும்; ஊட்டும் கை உருளையிலிருந்து மூன்று விரல்கடை தள்ளியே இருக்கட்டும். கட்டிகளைச் செக்கச்செவேல் என்று காய்ச்ச வேண்டியதில்லை. சிவக்கும் அளவுக்குக் காய்ச்சிச் சொருகினால் பித்தளை இளகி, பல் மெல்ல மெல்ல மழுங்கும். வெளியே வரும் துணியைக் கையில் வாங்காமல் மேஜையில் தானாக விழ விட்டு, ஆறும்வரை தொடாதீர்கள். சூட்டில் வளைந்த கஞ்சி ஆறும்போதுதான் இறுகுகிறது. ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்றில் எவ்வளவு நன்றாகப் போட்ட நெளியும் சாயங்காலத்துக்குள் சோர்ந்துவிடும். கருவியைக் குறை சொல்ல வேண்டாம்.

ஒவ்வொரு ஃப்ளூட்டரோடும் அது போட்ட நெளித்துணி ஒன்றையும் சேர்த்து வைப்பது அழகான வழக்கம்தான். ஆனால் கஞ்சித் துணி என்றால் கரப்பானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் விருந்து. அவை துணியோடு நிற்காமல் பக்கத்தில் இருக்கும் காகித லேபிளையும் தின்னும். பென்சிலால் தேய்த்து எடுத்த அந்த அச்சுத்தாளையே பத்துப் பல்லின் அளவோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒவ்வொரு கருவிக்கும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். தனியாக ஒரு மேல்பாகமோ அடித்தட்டோ கண்ணில் படும்போது, அது உங்கள் வீட்டில் ஜோடியில்லாமல் கிடப்பதற்குப் பொருந்துமா என்று கடை வாசலிலேயே பார்த்துவிடலாம்.